எட்டாவது கம்பம்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகு ஆறு மாதமாக மாடிப்படிகூட ஏறவில்லை. குளிக்கப் போனாலும் நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். தையல் எல்லாம் ஆறிவிட்டது, பயம்தான் ஆறவில்லை என்று சொன்ன டாக்டர், காட்டுக்குள் போகும் இந்த மலைப்பாதையை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். இன்றைக்குப் பாதியில் திரும்பினால் மனுஷன் இனி நாற்காலியை விட்டு எழவே மாட்டார்.

பாதை நெடுக எண் போட்ட மரக்கம்பங்கள், மொத்தம் ஒன்பது. முதல் கம்பத்தில் நின்றார். மூச்சு வாங்குகிறதோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவரோ பின்னால் திரும்பிப் பார்த்தார், ஒரு நிமிஷம் பொறுத்தார், கிளம்பினார். இரண்டாவதிலும் அதே கதை. ஏற ஆள் இல்லை, இறங்க ஆள் இல்லை, ஆனாலும் கம்பத்தைக் கண்டால் கால் தானாக பிரேக் போடுகிறது! இந்த வேகத்தில் போனால் விடிந்தாற்போலத்தான் என்று கடுகடுத்தேன். பஸ் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்றார்.

மூன்றாவது கம்பத்தில் எங்களை இடிக்காத குறையாகத் தாண்டி ஓடிய கல்லூரிக் கும்பல், ஆறாவதில் நாக்குத் தள்ளி வேர்களின்மேல் கிடந்தது. இவர் அங்கேயும் வழக்கம்போல ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, ஈர இலை வாசம் வீசிய சரிவில் அலுங்காமல் ஏறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது.

எட்டாவதில் என் முழங்கால்தான் மக்கர் செய்தது. அதற்கு மேல் செங்குத்தான கற்படிகள். சரி, இதையே சாக்காக வைத்துத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பாறையில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்தார்.

"நீ இங்கயே இரு. நான் மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

"தனியாவா?"

"மொதல்ல கைய விடும்மா."

அடிவாரத்திலிருந்தே அவர் மணிக்கட்டை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். விரல் பதிந்து சிவந்திருந்தது. விட்டேன்.

படியேறி மரங்களுக்குள் மறைந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.