யெவ்சேய் உட்காரும் வரை

அந்த வசந்தத்தில் எங்கள் கூட்டுப்பண்ணையில் விதைத்த பார்லி மண்ணில் விழவில்லை. முழங்கால் உயரத்தில் அந்தரத்திலேயே நின்றது. அந்த வருஷம் உப்புக்கும் தட்டுப்பாடு.

வோலக்தாவுக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊரில் எப்போது விதைப்பது என்று யெவ்சேய்தான் சொல்வார். கால்சட்டையை இறக்கிவிட்டு, உழுத மண்ணில் வெறும் பிட்டத்தோடு உட்காருவார். ஒரு சுருட்டு தீரும்வரை குளிர் ஏறாவிட்டால் விதைக்கலாம். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி பிலிமோனவுக்கோ மே முதல் தேதிக்குள் விதைப்பு முடிந்தாக வேண்டும். கம்பளிக் கோட்டும் முழங்கால் பூட்ஸுமாக நின்றுகொண்டு, மண் சூடாகத்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்.

"அப்படின்னா நீங்களே இறக்கிட்டு உட்காருங்க தோழரே. கோட்டை வேணா நான் புடிச்சுக்கறேன்" என்றார் யெவ்சேய். வயலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு, விதைப்பைத் தடுத்த சதிகாரன் என்று அவருக்குப் பத்து வருஷம் சிறை போட்டார்கள். படுபாவிகள்.

மறுநாள் விதைத்தார்கள், பார்லி அந்தரத்தில் நின்றது. உருளை போட்டு அழுத்தினால், உருளை தாண்டியதும் எழும்பியது. மூட்டையை விட்டு வெளியே வந்துவிட்டதே என்று பிலிமோனவ் விதைப்பு முடிந்ததாக மேலே சொல்லிவிட்டார். அந்த விதையும் போனால் குளிர்காலத்துக்கு ரொட்டி இல்லை என்பதால், பெண்கள் பகலெல்லாம் தலைத்துணியை வீசிக் காக்கை விரட்டினார்கள். யெவ்சேயின் மனைவி உஸ்தீன்யா மாவட்ட அலுவலகத்துக்கே போய்க் கத்தினாள்.

"சில்லுன்னு இருக்கறதைச் சில்லுன்னு சொன்னது ஒரு குத்தமா? அவரு வந்து உட்காராம ஒரு மணிகூட இறங்காது. போங்கய்யா, உங்க உத்தரவையே வெதச்சுத் தின்னுங்க!"

இரண்டு காவலர்களோடு யெவ்சேயைக் கூட்டி வந்தார்கள். பெரிய அதிகாரிகள் வரிசையாக நிற்க, அவர் கால்சட்டையை இறக்கி உட்கார்ந்தார். "ம்ஹூம். இன்னும் ஆகல." இப்போது யாரும் சதிகாரன் என்று வாயைத் திறக்கவில்லை, தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரவில் அவர் தன் வீட்டிலேயே படுத்தார், காவலர்கள் அடுப்படியில். ஒரு நாள் காலையில் சுருட்டு முழுதும் தீர்ந்தது. "ஆச்சு" என்றார். பார்லி மொத்தமும் சடசடவென்று இறங்கியது. பிலிமோனவ்கூடக் கைதட்டினார். புருஷன் வீடு திரும்பிவிட்டார் என்று உஸ்தீன்யா நீராவிக் குளியலறையைச் சூடாக்கப் போனாள்.

காவலர்களோ யெவ்சேயை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். உட்கார வைக்கத்தான் உத்தரவாம், விட்டுவிட உத்தரவு இல்லையாம். இதை எங்கே போய்ச் சொல்வது? அவர் சொன்னது சரி என்று கண்ணால் பார்த்தார்கள், அந்தப் பார்லியைத் தின்றார்கள், அவரைக் கொண்டுபோய் மறுபடி அடைத்தார்கள். வெட்கம் கெட்டவர்கள்! அடுத்த வருஷமும் அதே தேதியில் விதைக்கச் சொன்னார்கள், பார்லி நின்றது, அவரைக் கொண்டு வந்தார்கள். இப்போது இது வழக்கமாகிவிட்டது. காவலர்களுக்கு உஸ்தீன்யாவின் முட்டைக்கோஸ் சூப்பு பிடித்துப்போயிற்று.

போன வசந்தத்தில் வெயில் சீக்கிரமே வந்தது. பிள்ளைகள் வெறுங்காலோடு வயலில் ஓடினார்கள். மண் சூடேறிவிட்டது என்று ஊருக்கே தெரியும், காவலர்களுக்கும் தெரியும். யெவ்சேய் உட்கார்ந்தார், இரண்டு சுருட்டு பிடித்தார், எழுந்து உஸ்தீன்யாவைப் பார்த்தார்.

"இன்னும் ஆகல" என்றார்.

பார்லியும் இறங்கவில்லை.