வலது பக்கத்துக்கு ஒரு ஆள்

போன்ட்ரோஸ் ரக்பி அணியின் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்ததும் கோச் இட்வால், மாக்சனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"உனக்கு இடது பக்கம் மட்டும்தான் ஆடத் தெரியும். அடுத்த வருஷம் ரெண்டு பக்கமும் ஆடுறவன்தான் எனக்கு வேணும். இந்த சீசனோட முடிச்சுக்கலாம்ப்பா."

மாக்சனுக்கு முப்பத்தைந்து வயது, ஆட்டத்தில் இடிபட்டுக் கசங்கிப்போன இரண்டு காதுகள். வேறு எவனாவது என்றால் இடிந்து போயிருப்பான். மாக்சன் வீட்டுக்குப் போய் ஒரு பெரிய ஆட்டுத்தொடையைக் காலி செய்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்று மனைவி நெரிஸிடம் சொன்னான். ரக்பி இல்லாத சனிக்கிழமையை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஸ்க்ரம்மில் எட்டுக்கு எட்டுப் பேர் தலை கோர்த்து முட்டித் தள்ளும்போது, முன்வரிசையில் இடது பக்கத்தவனுக்கு ஒரு தோளாவது வெளியே இருக்கும். வலது பக்கத்தவன் தலை எதிரணியின் இரண்டு தலைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அதை மாட்டு வேலை என்று கிண்டலடித்தே இத்தனை காலம் ஒதுங்கியிருந்தான் மாக்சன். அந்தத் திமிர்தான் இப்போது வேலைக்கு உலை வைத்தது.

சனிக்கிழமை கொட்டும் மழையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கிளப் அணியுடன் ஆட்டம். கடைசி நிமிடங்கள், போன்ட்ரோஸ் இரண்டு பாயிண்ட் முன்னால். போன்ட்ரோஸின் கோல் கோட்டுக்கு எதிரேயே அவர்களுக்கு ஒரு ஸ்க்ரம். அந்த நேரம் பார்த்து வலது பக்க ஆளின் முழங்கால் பிசகியது. அவனுடைய மாற்று ஆளும் அடிபட்டு முன்பே வெளியேறியிருந்தான்.

"வலது பக்கம் ஆடத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் நடுவர். இல்லையென்றால் யாரும் தள்ளக் கூடாது, சும்மா சாய்ந்து நிற்க வேண்டும். போன்ட்ரோஸ் பக்கம் ஓர் ஆளும் குறையும்.

வெளியிலிருந்து இட்வால் கத்தினார். "இல்லைன்னு சொல்லுங்கடா! ஸ்க்ரம் சரிஞ்சா பெனால்டி, மூணு பாயிண்ட், மேட்ச்சே போச்சு!"

இடது பக்கத்துக்கு மாற்று ஆள் இருந்தான். மாக்சன் கையைத் தூக்கினான். "நான் ஆடுறேன்."

"எப்படா கத்துக்கிட்டே?" என்றான் முன்வரிசை நடுவில் நிற்கும் டெகிட்.

"வாயை மூடிட்டுப் பிடிடா."

எதிரே அவர்களுடைய இடது பக்கத்து ஆள், பார்னபி என்ற இளவட்டம். "என்ன தாத்தா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"சரியாத்தான் வந்திருக்கேன் ராஜா. முழங்கையைக் கீழ இழுப்பே, அப்புறம் இடுப்பைத் திருப்பிக் குறுக்க ஏறுவே. அதானே? அந்தத் திருட்டுத்தனத்தை இத்தனை வருஷமா நான்தான் பண்ணிட்டிருக்கேன்."

பார்னபியின் சிரிப்பு பாதியில் நின்றது.

மோதினார்கள். மாக்சனுக்குக் கழுத்தில் சுருக்கென்றது, கண் இருட்டியது. சொல்லிவைத்தாற்போல் பார்னபியின் முழங்கை இறங்கியது. மாக்சன் தன் கையை உயர்த்திப் பிடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். எங்கே இடித்தும் வழி கிடைக்காத பார்னபி, குறுக்கே ஏறி ஏறி ஊரே பார்க்கும்படி வெளியே பிதுங்கினான். விசில் ஒலித்தது. குறுக்கே ஏறுவது தப்பாட்டம்; நடுவரின் கை போன்ட்ரோஸ் பக்கம் உயர்ந்தது. டெகிட் மாக்சன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டான். பந்தை வெளியே உதைத்ததோடு ஆட்டம் முடிந்தது.

இட்வால் சேற்றில் இறங்கி வந்தார். "இல்லைன்னு சொல்லச் சொன்னேன்ல?"

"இந்தக் காதுல என்ன கோச் விழும்?"

"எத்தனை நாளா வலது பக்கம் ஆடுறே?"

"இப்பத்தான், கொஞ்ச நேரமா."

இட்வால் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா. அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசணும். சரியா?"

தலையாட்டத்தான் நினைத்தான் மாக்சன். கழுத்து அசையவில்லை. "சரி" என்று வாயால் சொன்னான்.