பெண்ணாடம் பார்ட்டி

அன்புச்செல்வன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்ததும் திருமால் எழுந்து நின்றுவிட்டான். ஃப்ளெக்ஸ் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில்லை. சண்டைக்கு வருகிறவர் செருப்போடு வருவார், சட்டையைப் பிடிப்பார், நாலு வார்த்தை கத்துவார், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து விலக்கிவிடுவார்கள். ஒரு வாரமாகத் திருமால் அதற்குத்தான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தான். இவரோ கோயிலுக்கு வந்தவர் மாதிரி வந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய தம்பி உட்காரவில்லை. பீங்கான் பொம்மைக் கம்பெனிக்காகச் செய்து சாய்த்து வைத்திருந்த போர்டுக்குப் பக்கத்தில், கதவை ஒட்டி நின்றுகொண்டான்.

“ஒரு பேனர் போடணும் தம்பி. நம்ம கருவேப்பிலங்குறிச்சி கூட்ரோட்டுல கட்டணும்,” என்றார் அன்புச்செல்வன்.

என்ன பேனர் என்று கேட்டான். கண்ணீர் அஞ்சலி என்றார். யாருக்கு என்று திருமால் கேட்டிருக்கக் கூடாது. வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

“தமிழினிக்குத்தான்.”

தமிழினி அவருடைய மகள். போன வாரம் வரைக்கும் இதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள். விருத்தாசலம் பாலக்கரைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தக் கடையில் பெயர்ப்பலகை செய்வது, கொண்டுபோய் மாட்டுவது எல்லாவற்றுக்குமாக மொத்தம் மூன்றே பேர். கம்ப்யூட்டரில் தமிழினி, ஏணியில் பாரி, இரண்டுக்கும் நடுவே முதலாளி திருமால். நடுவிலேயே இருந்துகொண்டு ஒன்றையும் கவனிக்காத முதலாளி. ஒருநாள் காலை இரண்டு பேரும் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் மாலையும் கழுத்துமாகத் திருமால் வீட்டு வாசலில் நின்றார்கள். பையன் வேறு ஆளுங்க. இதற்கு மேல் அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அவன் மனைவி அமுதவள்ளிதான் பெண்ணாடத்தில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்கு அவர்களை அழைத்துப் போனாள். திருமால் வண்டி ஓட்டினான். வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தது ஒன்றுதான் அவன் காட்டிய தைரியம். மறுநாள் பெண்ணின் சொந்தக்காரர்கள் வந்து கேட்டபோது சத்தியமாகத் தெரியாது என்றான்.

ஓடிப்போன பெண்ணுக்கு, உயிரோடு இருக்கும்போதே அஞ்சலி பேனர் வைப்பது திருமாலுக்குப் புதிதில்லை. அவனே ஒன்றிரண்டு அடித்துக் கொடுத்திருக்கிறான். ஆத்திரத்தை ஊர் பார்க்கக் கொடியில் காயப்போடுகிற காரியம் அது. காய்ந்த பிறகு எடுத்து மடித்து வைத்துவிடுவார்கள். அப்படி மகளுக்கு அஞ்சலி வைத்த ஒருவர், பேரனுக்குக் காதுகுத்து பேனர் அடிக்க இளித்துக்கொண்டே இதே கடைக்கு வந்ததும் உண்டு. அதனால் இதுவும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருமால் நாற்காலியில் உட்கார்ந்தான்.

உயரம் அவனுக்குப் பயமில்லை. மூன்று மாடிக் கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் நின்றுகொண்டு வெற்றிலை போடுவான். தரையில் உட்கார்ந்து பொய் சொல்லத்தான் தலை சுற்றும்.

தமிழினி செய்துவைத்த அஞ்சலி டிசைனையே திறந்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பூச்சரம், நடுவில் படத்துக்கு ஒரு வட்டம். அவள் இருந்தால் வந்தவர்களிடம் சிரித்த மாதிரி படம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்பாள். செத்தவர்கள் ஏன் அழுத மூஞ்சியோடு ரோட்டில் நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி. திருமால் படம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டான்.

“போன்ல இருக்குது. ஒங்க கடை நம்பருக்கு வாட்சப்புல போடறேன்.”

அப்போதுதான் திருமாலுக்கு அது நினைவுக்கு வந்தது. கடை வாட்சப் கம்ப்யூட்டரில்தான் திறக்கும். திறந்தால் யார் யார் பேசினார்கள் என்பது வரிசையாக இடது பக்கத்தில் வந்து நிற்கும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு முழுத் திரையும் தெரியும். டிசைனைப் பார்த்துச் சொல்வதற்காகத்தானே அந்த நாற்காலியையே அங்கே போட்டிருக்கிறது. இன்றைக்கு நெட் சரியில்லை, ஒயர் போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்றான். ஒயரைத் தேடினான். ஒயர் இல்லை. அதற்குள் அன்புச்செல்வன் படத்தை அனுப்பிவிட்டு, போயிடுச்சு, பாருங்க என்றார்.

பரவாயில்லை, ஒன்றும் ஆகாது என்று திருமால் மனதைத் தேற்றினான். தமிழினியின் புது நம்பரை அவள் பேரிலா போட்டு வைத்திருக்கிறான்? அவன் என்ன சின்னப் பிள்ளையா? வாடிக்கையாளர்களை எப்படிப் போடுவானோ அப்படியே போட்டிருந்தான். ஊர்ப் பேரும் பக்கத்தில் ஒரு பார்ட்டியும். கம்மாபுரம் பார்ட்டி, நெய்வேலி பார்ட்டி என்று நூறு பார்ட்டிகளுக்கு நடுவே அவளும் ஒரு பார்ட்டி. அந்தச் சாமர்த்தியத்தை அமுதவள்ளியிடம் சொல்லிப் பெருமைகூடப் பட்டிருந்தான். திறந்தான். மேலே அன்புச்செல்வன் அனுப்பிய படம். அதற்கு நேர் கீழே, படமில்லாத சாம்பல் வட்டத்துக்குப் பக்கத்தில், பெண்ணாடம் பார்ட்டி. அதன் கீழே காலையில் வந்து அவன் இன்னும் பார்க்காத செய்தி: ‘அண்ணா, மாத்திரை போட்டீங்களா?’

திருமால் பதறி அடித்து மௌசை நகர்த்தி அந்தப் பக்கத்தை மூடினான். எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அன்புச்செல்வன் தொண்டையைச் செருமினார். தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் மாத்திரை அட்டை ஒன்று துருத்திக்கொண்டு நின்றது.

“ஒங்களுக்கும் சுகராங்க?” என்று கேட்டார்.

திருமால் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். இந்தக் கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் அவனை அதட்டிய மாதிரிதான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இந்த மனிதரையும் அதட்டியிருப்பாள் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவர் அனுப்பியது ஏதோ திருவிழாவில் எடுத்த படம். தமிழினி வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அன்புச்செல்வன், அவள் தோளில் கைபோட்டபடி. அவரை வெட்டி எடுத்தாயிற்று. தோளின் மேல் கை மட்டும் நின்றது. விரல்களில் ஒரு மோதிரத்தோடு அது யாருடையதோ போலக் கிடந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் திருமால் அவரைப் பார்த்தான். எடுத்துடுங்க என்றார். அவள் சுடிதாரின் நிறத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்தக் கையின் மேல் பூசி மறைத்தான். தமிழினி இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பாள். அவனுக்கு வெகுநேரம் ஆனது. அத்தனை நேரமும் அன்புச்செல்வன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்துக்கு வந்தார்கள். தோற்றம் என்ற இடத்தில் அவர் யோசிக்காமல் பிறந்த தேதியைச் சொன்னார். விடியற்காலையில் பிறந்தாள் என்றும் சொன்னார், அதைப் போட வேண்டியதில்லை என்றும் சொன்னார். மறைவு என்ற இடத்தில் திருமால் தானாகவே போன வாரத் தேதியை அடித்தான். இந்த மாதிரி பேனரில் பெண் வீட்டைவிட்டுப் போன நாளைத்தான் போடுவார்கள்.

“அத எடுங்க. காலியா இருக்கட்டும்.”

“தேதி இல்லாம எப்படிங்கண்ணே?”

“அப்பறம் எழுதிக்கலாம்.”

கதவோரம் நின்ற தம்பி போர்டின் மேல் விரலால் தாளம் போடுவதை நிறுத்தினான். திருமாலுக்குப் புரிந்துவிட்டது. இது காய்ந்தபின் மடித்து வைக்கிற ஆத்திரமில்லை. இந்த மனிதர் மகளைச் செத்தவளாக நினைத்துக்கொள்ள வரவில்லை. ஐயோ, நாம் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தான். ஆனால் கை தேதியை அழித்து, மிஷினுக்கு அனுப்பியது. பயந்தவனின் கை எப்போதும் சொன்னதைத்தான் செய்யும்.

அச்சு ஓட ஆரம்பித்ததும் கொல்லைப் பக்கம் போய்விட்டு வருவதாக எழுந்தான். தம்பியும் கூடவே வருகிற மாதிரி ஓரடி எடுத்து வைத்தான். திருமால் மறுபடி உட்கார்ந்துவிட்டான். மேஜை மேல் இருந்த அவனுடைய போனை அந்தத் தம்பி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, மேல ஏறுறப்ப வுழுந்துடும், நான் வச்சிருக்கேன் என்றான். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். மிஷின் பூச்சரத்தை முடித்து அவள் நெற்றியை அடித்துக்கொண்டிருந்தது.

பேனரைச் சுருட்டித் தோளில் வைத்தபடி, கூட்ரோட்டில் எந்தப் பக்கம் கட்டலாம் என்று திருமால் கேட்டான்.

“கூட்ரோடு வேணாம்,” என்றார் அன்புச்செல்வன். “பெண்ணாடத்துல கட்டிடலாம்.”

ஏணியும் கயிறும் ஏற்றிய குட்டி யானை வண்டியைத் திருமால் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தம்பி பைக்கில் பின்னாலேயே வந்தான். கருவேப்பிலங்குறிச்சி வந்தபோது திருமால் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். அவர் நேரே கையைக் காட்டினார். கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது. அது போகட்டும், மெல்லப் போகட்டும், சக்கரம் கழன்று நடுரோட்டில் நிற்கட்டும் என்று திருமால் வேண்டிக்கொண்டான். வண்டியை எங்கேயாவது பள்ளத்தில் விடலாமா என்றும் நினைத்தான். விட்டால் அவர்கள் பைக்கில் போய்விடுவார்கள், அவன் பள்ளத்தில் கிடப்பான், அவ்வளவுதான். வழியெல்லாம் அன்புச்செல்வன் ஒரே ஒரு தடவைதான் பேசினார். பெண்ணாடத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றான். அவர் சரி என்றார்.

பெண்ணாடத்தில் எங்கே கட்டினால் ஊர் பூராவும் பார்க்குமோ அங்கே கட்டச் சொன்னார். மெயின் ரோட்டோரம், ஒரு காலி மனைக்கு முன்னால் பேனர் கட்டுகிற இரும்புச் சட்டம் வெறுமனே நின்றது. அவரே கையை நீட்டிக் காட்டினார். அந்த மனைக்குப் பின்பக்கத் தெருவில்தான் அமுதவள்ளியின் அக்காள் வீடு. அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ரோட்டில் வேறு சட்டம் காலியாக இல்லை, அதனால்தான் இதைக் காட்டினார் என்று சொல்லிக்கொண்டே ஏணியைச் சாய்த்தான். தம்பி எதிர்ச்சாரி டீக்கடையில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான். அன்புச்செல்வன் ஏணியின் கீழ்க்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் புடிச்சிருக்கேன். பயப்படாம ஏறுங்க.”

பாரி பிடிக்கிற ஏணி. அதை இன்றைக்கு இவர் பிடித்திருக்கிறார். திருமால் ஏறினான். மேல் குழாயில் ஒரு காலைப் போட்டு உட்கார்ந்தான். ஆயுசில் முதல்முறையாக உயரத்தில் குழாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். அங்கிருந்து பார்த்தால் மனை முழுவதும் தெரிந்தது. கருவேல முள், உடைந்த தண்ணீர்த்தொட்டி, குறுக்கே ஒரு ஒற்றையடிப்பாதை, அதன் முடிவில் பின்தெரு, அமுதவள்ளியின் அக்காள் வீட்டுப் பச்சைக் கதவு. கதவு சாத்தியிருந்தது. சாத்தியே இரு என்று மனதுக்குள் கெஞ்சினான்.

சுருளின் ஒரு முனையைக் கட்டி முடித்தபோது கதவு திறந்தது. தமிழினி ஒரு தூக்குவாளி நிறையப் பாலோடு வெளியே வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, ரோட்டுப் பக்கம் பார்த்தாள். குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணா தங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், வந்த இடத்திலும் ஒரு வேலையைப் பிடித்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். கையைத் தூக்கி ஆட்டினாள். பாதையில் இறங்கி விறுவிறுவென்று இந்தப் பக்கமாக நடந்து வரத் தொடங்கினாள்.

கத்த முடியாது. கையைக் காட்ட முடியாது. கீழே அவர் அண்ணாந்து இவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் கண் போகிற திசையில் அவர் கண்ணும் ஒருமுறை திரும்பினால் போதும், சட்டத்தின் வெற்று ஓட்டை வழியாக எல்லாம் தெரிந்துவிடும். திருமால் பார்வையை விரலின் மேல் பதித்துக்கொண்டான். பயத்தில் அழுகை வந்தது. இதற்கு நடுவேதான், இத்தனை வருஷம் பேனர் கட்டின அந்த விரல்கள் தாமாகவே கட்டிய முடிச்சை அவிழ்த்தன. சுருளைப் புரட்டிப் போட்டன. குழாயில் நகர்ந்து நகர்ந்து இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினான். பிறகு கையை விட்டான்.

படபடவென்று ஃப்ளெக்ஸ் அவிழ்ந்து இறங்கியது. மனையைப் பார்த்துப் பூச்சரம், குத்துவிளக்குகள், வாய்கொள்ளாத சிரிப்பு, பெரிய எழுத்தில் பேர், தோற்றம், மறைவு. பாதை நடுவே தமிழினி அப்படியே நின்றுவிட்டாள். தூக்குவாளி கையில் சாய்ந்து, பால் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஓடு, திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று திருமால் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தான். அவள் ஃப்ளெக்ஸில் இருந்த தன் முகத்தையே அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

இந்தப் பக்கம் அன்புச்செல்வனுக்கு முன்னால் ஒன்றுமே எழுதாத வெள்ளை.

“தம்பி, எழுத்து அந்தப் பக்கம் போயிடுச்சு,” என்றார் அவர், மெல்ல.

திருமால் மேலே உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் அப்பா, நடுவே ஒரு ஃப்ளெக்ஸ் கனம். கட்டாத கீழ் ஓரத்தில் மனைப்பக்கக் காற்று புகுந்து, வெள்ளை முழுவதும் அவரைப் பார்த்து உப்பி எழுந்தது. அவர் ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்து, படபடக்கிற அந்த ஓரத்தைப் பிடிக்க நீட்டினார்.