முன்மொழிய ஓர் ஆள்

கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கும்போதே பேராசிரியர் கமலக்கண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் வந்திருக்கிறார்கள். வாசலில் பன்னிரண்டு ஜோடி செருப்பு.

மத்திகிரியில் அந்தத் தெரு முழுக்க வாடகை வீடுகள். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் தெற்கத்திக் குடும்பங்கள். போன வருஷம் அவர் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு மனுவில் தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. அந்த வினை இப்போது 2006 உள்ளாட்சித் தேர்தல் வரை துரத்திக்கொண்டு வந்திருந்தது.

"நம்ம வார்டுக்கு நீங்கதான் நிக்கிறீங்க சார். முடிவு பண்ணியாச்சு," என்றான் லேத் ஓட்டும் வெள்ளைச்சாமி.

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா மாட்டேம்பீங்க."

"எலெக்‌ஷனைப் பத்தியே படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவுக. வேற யாரு நிப்பா?" என்றாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள்.

அது உண்மைதான். உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்காளர் பங்கேற்பு பற்றி ஆறு வருஷம் ஆராய்ந்து நானூறு பக்கம் எழுதியவர். அவரையும் தேர்வாளரையும் தவிர அதை யாரும் படித்ததில்லை. தேர்வாளர் விஷயத்திலும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

கல்லூரித் தாளாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மனுத் தாக்கலுக்கு முன்னால் வேலையை விட்டுவிட வேண்டும். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது. மகள் லாவண்யாவின் படிப்பும் பாக்கி.

தினமும் மறுத்தார். மறுப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம், கடைசி பெஞ்சு மொத்தமும் தூங்குவதைப் பார்த்தபடி பாடம் நடத்தியபோது, தன்னை வேண்டுமென்று பன்னிரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அன்று ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மனுத் தாக்கலின் கடைசி நாள். வீட்டில் மனுவை நிரப்பிவிட்டு, கல்லூரியில் கடிதத்தைக் கொடுத்து, அப்படியே தாக்கல் செய்யப் போவதாக ஏற்பாடு. வெள்ளைச்சாமி மாலைகூட வாங்கி வந்திருந்தான்.

"முன்மொழியறவர் இந்த வார்டு வாக்காளரா இருக்கணும். வெள்ளைச்சாமி, உன் நம்பரைச் சொல்லுப்பா."

அவன் வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்த்தான். "இது உசிலம்பட்டி சார்."

"பேச்சியம்மா?"

"எங்களுக்குச் சங்கரன்கோயில்ல."

"பூபதி?"

பூபதி தரையைப் பார்த்தான். அவனுக்குத் திருமங்கலம். பன்னிரண்டு பேரையும் கேட்டு முடித்தார். ஒருவருக்கும் இங்கே ஓட்டு இல்லை.

"பத்து வருஷமா இங்க இருக்கீங்க, மாத்திக்கலையா?"

"ஊர்ல பேரை எடுத்துட்டா செத்தவன் கணக்கு சார்," என்றான் பூபதி.

"அப்ப எனக்கு ஓட்டுப் போடறது யாரு?"

வெள்ளைச்சாமி மெதுவாகச் சொன்னான்: "அதை நாங்க யோசிக்கல சார். நீங்க நானூறு பக்கம் யோசிச்சிருக்கீங்களே..."

அடுப்படியிலிருந்து மனைவி சுகுணா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் டீ போட்டுக் கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஏங்க, நம்ம ரெண்டு பேர் பேரும் இங்கதான இருக்குது. நான் கையெழுத்துப் போடறேன். நிக்கிறீங்களா?"

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கமலக்கண்ணன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கடிதம் வியர்வையில் நமுத்திருந்தது.

"வேணாம் சுகுணா. காலேஜ் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

செருப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வெள்ளைச்சாமி மட்டும் மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஊர்ல சித்தப்பா பிரசிடெண்டுக்கு நிக்கிறாரு. ஓட்டுப் போடப் போகணும். மேனேஜருக்கு இங்கிலீஷ்ல ஒரு லீவு லெட்டர்..."

"உனக்கு மட்டுமா?"

"பன்னெண்டு பேருக்கும் சார்."

கமலக்கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்து, பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளு?"

"மூணு நாளாப் போடுங்க சார். பஸ்ஸுல இடம் கிடைக்காது."