குரல் நின்றால் கொக்கி நிற்கும்

பெல்ட்டுக்காரிக்குத் தோள்பட்டை போய்விட்டது. இரும்புப் பாரங்களைச் சுற்றிப் பெல்ட் போட்டு, இழுத்து இறுக்கி, கொக்கியில் மாட்டியே காலம் கழித்தவள். இப்போது வலது கை காதுக்கு மேலே ஏற மறுத்தது. இனிப் பாரம் இழுத்தால் கை உனக்கில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கை ஓய்ந்தவளுக்குக் கட்டட வேலையில் ஒரே இடம்தான் மிச்சம்: கிரேனுக்குக் குரல் கொடுப்பது.

கிரேன் கட்டடத்துக்கு வெளியே நின்றது. பாரமோ கூரையைத் தாண்டி உள்முற்றத்தில் இறங்க வேண்டும். ஓட்டுநருக்கு முற்றம் தெரியாது. கீழே நிற்பவள் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல அவர் இறக்குவார். அவர் வேறு பாஷைக்காரர். இருவருக்கும் நடுவில் அரைகுறை இங்கிலீஷ்தான் பாலம். சட்டம் ஒன்றே ஒன்று. குரல் போகிற வரை கொக்கி போகும். மூச்சு வாங்கக் குரல் நின்றாலும் கொக்கி நிற்கும். பேசுகிற ஆள் செத்துக் கிடக்கிறாளோ என்னவோ, மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

முதல் தடவை அவள் "டவுன்" என்றாள். அடுத்த சொல்லைத் தேடினாள். கிரேன் வெடுக்கென்று நின்றது. "லெஃப்ட்" என்றாள், தேடினாள், மறுபடி வெடுக். கொக்கியில் தொங்கிய குழாய்க் கட்டு ஊஞ்சலாடிப் போய்ச் சுவர்ப் பூச்சை உரித்தெடுத்தது.

"இன்னொரு தடவை பாப்போம்மா," என்றார் மேஸ்திரி. "அதுலயும் இப்படின்னா என் கையில ஒண்ணும் இல்ல. கணக்கை முடிச்சுக்க வேண்டியதுதான்."

அதே கட்டடத்தில் கான்கிரீட் போடும் அவள் புருஷனுக்கு எதிலும் விளையாட்டு. "வீட்டுல சும்மாவே கத்துற. அங்க சம்பளம் வேற குடுத்துக் கத்தச் சொல்றாங்க. அதுலயும் தோத்துட்டு வந்து நிக்கிறியே!"

"உன்கிட்டக் கத்திக் கத்தித்தான் தொண்டை போச்சு. வாயை மூடு."

மதிய இடைவேளையில் தகரக் கொட்டகையில் இங்கிலீஷ் வகுப்பு. பாதுகாப்பு ஆபீஸ் பெண் நடத்தினாள். அன்றைக்கு இரண்டு ஜாதிச் சொற்களைப் பலகையில் எழுதினாள். ஒரு பக்கம் சேர்க்கிற சொற்கள்: அண்ட், பட், ஆர், பிகாஸ். மறுபக்கம் தன்னால் வாயிலிருந்து தெறிப்பவை: ஓ, வாவ், அவுச்.

"மிஸ், கால்ல செங்கல் விழுந்தா அவுச்னு கத்தணுமா?" என்றான் ஒரு கம்பி கட்டுகிறவன்.

"ஆமா."

"அதை யோசிச்சு எடுக்கறதுக்குள்ள ரெண்டாவது செங்கலும் விழுந்துருமே!"

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். பெல்ட்டுக்காரி சிரிக்கவில்லை. "இந்த அண்ட் எத்தனை தடவை போடலாம் மிஸ்?"

"பரீட்சைல ஒரு தடவை போதும்க்கா."

"பரீட்சைக்கு இல்ல மிஸ். மேல ஒரு மனுஷன் என் வாயை நம்பி உக்காந்திருக்காரு."

அந்தப் பெண் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அப்ப எவ்வளவு வேணாலும் போட்டுக்கோங்க."

மறுநாள் வந்தது ஜெனரேட்டர். யானையைப் படுக்கவைத்த மாதிரி. கூரைக்கு மேலே அது தலை காட்டியதும் முற்றம் இருண்டது. அவள் பொத்தானை அமுக்கினாள்.

"டவுன் அண்ட் டவுன் அண்ட் டவுன் அண்ட்..."

அது இறங்கியது. வெடுக்கில்லை, ஆட்டமில்லை. எண்ணெயில் நழுவுகிற மாதிரி இறங்கியது. தேடுகிற சொல் வாய்க்கு வரும் வரை அந்தக் குட்டிச் சொல் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. "அண்ட் லெஃப்ட் பட் ஸ்லோ அண்ட் ஸ்லோ அண்ட்..." அவள் மெதுவென்றால் யானை மெதுவாக வந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயுசு முழுக்கத் தோளால் இழுத்த பாரத்தை இப்போது நாக்கு நுனியால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடி உயரத்தில் காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஜெனரேட்டரின் மூலை சாரக் குழாயின் மேல் போய் இடிக்கப் பார்த்தது.

"ஐயோ!"

ஸ்டாப் என்று அவள் நினைக்கக்கூட இல்லை. தொண்டை தானாகக் கத்திவிட்டது. அந்த ஐயோ முடிவதற்குள் கொக்கி நின்றிருந்தது. தமிழில் ஒரு எழுத்து அறியாத மனுஷன், முற்றத்தைக் கண்ணால் காணாத மனுஷன், நிறுத்திவிட்டார். மூலைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் போகலாம்.

மேஸ்திரி முகம் வெளுத்திருந்தது. வாக்கிடாக்கியில் ஓட்டுநரின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஓகே?"

"ஓகே," என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் அறுபடவில்லை. "அப் அண்ட் ஸ்லோ அண்ட் ரைட் அண்ட்..."

ஜெனரேட்டர் போல்ட்டுகளின் மேல் பூனை போல உட்கார்ந்தது. தரை ஒரு முறை முனகியது. ஆட்கள் ஓடிப்போய்ப் பெல்ட்டை அவிழ்த்தார்கள்.

"நாளைக்குத் தண்ணி டேங்க் வருது," என்றார் மேஸ்திரி, நெற்றியைத் துடைத்தபடி. "நீதான் இறக்கணும்."

அவள் அண்ணாந்து நின்றாள். வெறுங்கொக்கி வானத்துக்குக் குறுக்கே அசையாமல் நின்றது. சுவருக்கு அப்பால், முகம் தெரியாத ஒருவர், கையைக் கிரேன் லீவரில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

"என்னம்மா மரமாட்டம் நிக்கிற? கொக்கி தலைக்கு மேல தொங்குது. பேசு!"

இன்னும் ஒரு மூச்சு அவள் பேசாமலிருந்தாள். அவ்வளவு இரும்பும் பேசாமலிருந்தது. பிறகு பொத்தானை அமுக்கி, மிக மெதுவாக, அதை மேலே போகச் சொன்னாள்.