நாற்பத்திரண்டு கண்ணாடிகள்

தென்காசிப் பாத்திரக்கடை தில்லைநாயகம், தாம் விற்ற குடம் ஒழுகுகிறது என்று வந்தால்கூட, “தண்ணியில கோளாறு” என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர். அவருக்கே 1979ஆம் வருஷத்து ஆனி மாதக் குளிர்ச்சாரலில் வேர்த்துவிட்டது.

எதிரே கண்ணாடிக்கடை மசூது. போன கார்த்திகையில் தில்லைநாயகம் கீழப்பாவூரில் நடத்திய இலவசக் கண் முகாமுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவர். ஐந்தருவிக் கடைக்காரர்களுக்கும் அதுபோல ஒன்று நடத்தலாமென்று பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் தாளில் ஆள் வந்த வரிசை நம்பரும் பார்வை அளவும் மட்டும். தில்லைநாயகம் தாளில் நம்பரும் பேரும்.

“அண்ணாச்சி, நீங்க அன்னைக்குக் கிறுக்குன தாள்ல பிருஹதாம்பாள் அம்மா நாப்பத்திரண்டு. திருத்தி எழுதுனதுல ஒண்ணாம் நம்பரா இருக்காகளே?”

“கடைசியாத்தான் வந்தாக. பெரிய வீட்டம்மா பேரை அடியில போடலாமா? மேல ஏத்திட்டு, மத்தவுகளை ஒண்ணு ஒண்ணாக் கீழ தள்ளிட்டேன்.”

“டாக்டர் தாள்லயும் தள்ளுனீகளா?”

தில்லைநாயகம் டாக்டர் தாளை இழுத்துத் தம் தாளோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

“போச்சு! நான் டாக்டர் நம்பருக்குச் செஞ்சேன், நீங்க உங்க நம்பருக்குக் குடுத்தீக. ஒவ்வொருத்தர் மூக்குலயும் பின்னால நின்னவர் கண்ணாடி! நம்பரை ஆளுக்குல்லா போடணும்? சீட்டுல எழுதிக் கையில குடுத்து, ரெண்டு தாள்லயும் அதையே எழுதியிருந்தா, பேரை எங்க ஏத்துனாலும் நம்பர் கூடவே போயிருக்கும். நீங்க தாள்ல உள்ள வரிக்குப் போட்டிருக்கீக.”

“ஏழு மாசமா ஒருத்தரும் வந்து கேக்கலையே?”

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சா பாப்பாக?”

காசு கொடுத்து வாங்கியவர்களாயிருந்தால் மறுநாள் காலையிலேயே கடைவாசலில் நின்று ஏசியிருப்பார்கள் என்பது தில்லைநாயகத்துக்குத் தெரியாதா?

கீழப்பாவூர் பஸ்ஸில் போகும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். ‘புது மாடல் வந்திருக்கு, பழசைக் குடுத்து மாத்திக்கிடுங்க.’ ஊர் வாழ்த்தவும் செய்யும்.

முதலில் முத்துவடிவு வீடு. பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டு இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“நூலு தெரிய மாட்டேங்கு, அண்ணாச்சி. பீடிக் கம்பெனில கட்டுக் கட்டாக் கழிச்சுப் போட்டாக, விட்டுட்டேன். உங்களைக் குத்தஞ் சொல்லலை. தங்கமான கண்ணாடி. எங் கண்ணுதான் அவிஞ்சிட்டு வருது.”

கண்ணாடியை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்தடியில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் புது மாடல் பொய்யைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“ஒங் கண்ணுக்கு ஒண்ணுமில்ல, தாயி. இது ஒனக்குப் பின்னால நின்ன மாடனோட கண்ணாடி. பெரிய வீட்டுக்கு மரியாதை பண்ணப் போயி நாந்தான் நம்பரைக் குழப்பிட்டேன்.”

அவள் மஞ்சள் துணியைப் பிரித்துக் கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.

“அப்ப நான் குருடியாகலையா?”

“இல்ல.”

“ஏழு மாசம் ராத்திரி பகலா அழுதிருக்கேன்வே!” விருட்டென்று எழுந்தாள். “மாடன் போன மாசம் சைக்கிளோட வாய்க்கால்ல விழுந்தான், தெரியுமா? வாரும், அவன்கிட்டயும் உம்ம வாயாலயே சொல்லும்.”

தெருமுனையிலேயே கூவத் தொடங்கிவிட்டாள்: “ஏலே மாடா! ஒங் கண்ணாடி வருதுலே! மாத்துன ஆளும் கூடவே வாராரு!”

வீட்டுக்கு வீடு தலைகள் எட்டிப் பார்த்தன. பாதித் தலைகளில் அவர் கொடுத்த கண்ணாடி இருந்தது. தில்லைநாயகம் குனிந்தபடி அவள் பின்னால் நடந்தார்.