வடிவம் மட்டுமே மாற்றப்பட்டது

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அக்காவின் கணினித் திரையிலிருந்து எடுத்தேன். அவள் ஒரு மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறாள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால், குவிந்து கிடக்கும் மின்னஞ்சல்களில் வேண்டியதை அது தேடித் தரும். ஒவ்வொரு அஞ்சலுக்கும் ‘அவசரம்’, ‘குடும்பம்’ என்பதுபோல் நாமே ஓர் அடையாளம் ஒட்டி வைக்கலாம். போன வாரம் கையேட்டைத் திருத்திவிட்டு, மாற்றக் குறிப்பில் அவள் எழுதினாள்: ‘வடிவம் மட்டுமே மாற்றப்பட்டது.’

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், உலகத்தின் எல்லாக் கடிதங்களும்—’

(வேண்டாம். மழையே பெய்யவில்லை.)

2

பத்திகளுக்குள் கிடந்த கட்டளைகளைச் சாம்பல் நிறப் பெட்டிகளில் வைத்தாள். எச்சரிக்கைகளைச் சாய்வெழுத்தாக்கி, பெட்டிகளுக்குக் கீழே இறக்கினாள். பக்கம் பளிச்சென்று ஆனது.

அடையாளம் ஒன்றை நீக்க வழி தேடி அந்தப் பக்கத்துக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், பெட்டியில் இருந்ததை நகலெடுத்து ஒட்டி என்டரைத் தட்டினார். பிறகுதான் கீழே படித்தார்: ‘இது எல்லா அடையாளங்களையும் அழிக்கும். முதலில் பிரதி எடுக்கவும்.’

அஞ்சல்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்பது வருடமாக ஒட்டிய அடையாளங்கள் போய்விட்டன. அவற்றில் ஒன்று, ‘பதில் எழுத வேண்டும்.’ அதில் முப்பத்தோரு கடிதங்கள் இருந்தனவாம். யார் யாருடையவை என்று அவருக்கு நினைவில்லை.

3

“நீதான் கதையெல்லாம் எழுதுறியே, அவருக்கு ஒரு பதில் எழுதிக் குடுடா.”

“மன்னிப்புக் கேக்கணுமா?”

“அதான் தெரியல. ஒரு வார்த்தைகூட நான் மாத்தல. இடத்தைத்தான் மாத்தினேன்.”

“அப்ப உன் தப்பு இல்ல.”

“அப்ப ஏன் எனக்குச் சாப்பாடு இறங்கல?”

“முழுசாப் படிக்காம அவர் ஏன் தட்டினார்?”

“நீ படிப்பியா?”

மருந்துப் பெட்டிக்குள் வரும் குறிப்பையே மாத்திரையை விழுங்கிய பிறகு படிப்பவன் நான்.

4

(இங்கே ஒரு சந்தேகம். மொழிபெயர்ப்பாளரைக் கோபக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவருடைய அஞ்சல், ‘உங்கள் புதிய பக்கம் படிக்கச் சுலபமாக இருக்கிறது’ என்று தொடங்குகிறது. திட்டியிருந்தால் கதை நேராகப் போயிருக்கும்.)

5

கதைக்கு முதல் முடிவு: பழைய கணினி வட்டு ஒன்றில் பிரதி கிடைக்கிறது. பொய். அப்படி எதுவும் இல்லை என்று அவரே எழுதிவிட்டார்.

இரண்டாவது: அக்கா எச்சரிக்கையைப் பெட்டிக்கு மேலே ஏற்றுகிறாள். இது நடந்தது, இன்று காலையில். அதனால் அவருக்கு என்ன பயன் என்று நான் கேட்கவில்லை.

பதில் அஞ்சலில், ‘ஐயா, எங்கள் கவனக்குறைவால் நேர்ந்த’ என்பது வரை எழுதியிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“‘எங்கள்’ யாருடா? நீயா மாத்தின? ‘என்’னு போடு.”

போட்டேன். அனுப்பினாள். மதியமே பதில் வந்தது: ‘பரவாயில்லை அம்மா. ஆனால் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?’

அக்கா என்னைப் பார்த்தாள். இதற்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கதையும் இங்கேயே நிற்கிறது.

ஆகவே, உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் எப்போதாவது ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு எழுதி, பதிலே வராமல், அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்ததுண்டா? உண்டென்றால், இன்னொரு தரம் எழுதுங்கள். அதே கடிதமானாலும் போதும்.